கறி தோசை இரண்டரை யூரோ

என்னைப் பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும், நான் எங்கே படித்தேன், வகுப்பில் என்ன பாடம் நடத்துகிறேன் என்பதெல்லாம் கடைசி வரை தெரியாது. ஆனால் நான் மத்தியானம் என்ன சாப்பிட்டேன், அது இங்கே என்ன விலை, ஜெர்மனியில் என்ன விலை என்பது மட்டும் அத்துப்படி. மூன்று வாரம் வீடியோ காலில் பேசினோம். அந்த மூன்று வாரமும் என் டிபன் பாக்ஸைத்தான் அவர் பெண் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அவர் அங்கே ஒரு கார் கம்பெனியில் இன்ஜினீயர். அவருடைய அம்மா எழுமலைப் பக்கம் பிறந்தவர். மகன் அனுப்பிய பணத்தில் மதுரையில் மாடி வீடு கட்டித் தனியாக இருந்தார். ஜாதகம் பொருந்தியது, போட்டோ பிடித்தது. "நேர்ல பாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பேசிக்கிரட்டும்" என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்கள். நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் காமர்ஸ் டீச்சர். கணக்குப் பேசுகிற மாப்பிள்ளை கிடைத்தால் நல்லதுதானே என்று அப்பா சொன்னார். கடவுள் அதை அப்படியே காதில் வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது.

நம் ஊரில் "சாப்டீங்களா" என்று கேட்டால், "ஆச்சு" என்று சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவருக்கு அங்கேதான் ஆரம்பம்.

"எங்க சாப்டீங்க?"

"ஸ்கூல் பக்கத்துல மெஸ்லங்க. இன்னைக்கு அம்மா டிபன் கட்டல."

"எம்புட்டு?"

"தொண்ணூறு ரூவா."

"தொண்ணூறா? ஒரு யூரோ கூட இல்லையே" என்று பெருமூச்சு விட்டார். "இங்க ஒரு யூரோவுக்கு ரயில்வே ஸ்டேஷன்ல பாத்ரூம்தாங்க போக முடியும்."

அப்போது யூரோ நூறு ரூபாயைத் தொட்டிருந்தது. அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. எந்த விலையைச் சொன்னாலும் இரண்டு சைபரைத் தட்டிவிட்டால் யூரோ. இட்லி, வடை, மட்டன், மல்லிகைப் பூ, ஆட்டோ என்று நான் எதைச் சொன்னாலும் மறுமுனையில் இரண்டு சைபர் விழும். விழுந்ததும், "அங்கலாம் எல்லாரும் சும்மா சாப்பிடுறீங்க" என்பார். நாங்கள் என்னவோ மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ஆனால் அவருடைய சம்பளத்துக்கு மட்டும் சைபர் விழாது, சேரும். அது எப்போதும் ரூபாயில்தான், லட்சங்களில். நம் ஊர் விலை யூரோவில், அவர் சம்பளம் ரூபாயில். ஒருமுறை என் சம்பளத்தைக் கேட்டார். சொன்னேன். இரண்டு சைபரைத் தட்டிவிட்டு, "இருநூத்தி எம்பது யூரோ. இங்க ஒரு ஆளு மாசம் பூரா வெளிய சாப்பிடவே பத்தாதே" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலுக்கு போனை வைத்துவிட்டுப் பதினோராம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தினேன். பாவம், பிள்ளைகளுக்கு மார்க் குறைந்தது.

விலையை அப்படி மாற்றிப் பார்ப்பது தப்பு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு ஆள் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். என் மெஸ் சாப்பாட்டுக்கு நான் ஒரு பீரியட் முழுக்கக் கத்த வேண்டும், உங்கள் சாப்பாட்டுக்கு நீங்கள் அதைவிடக் குறைவாகத்தான் வேலை பார்க்கிறீர்கள் என்று விளக்கினேன். "டீச்சர்ல, பாடம் எடுக்குறீங்க" என்று சிரித்துவிட்டு, மெஸ்ஸில் ரசம் தனியாகக் காசா என்று கேட்டார்.

பிடிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். குரல் நன்றாக இருந்தது. ஜன்னலைத் திறந்து பனி விழுவதைக் காட்டினார். இந்தத் திருப்பரங்குன்றம் ரோட்டுப் புழுதியையும், "எப்பக் கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்கிற சொந்தக்காரர்களையும் விட்டுவிட்டுக் கொஞ்சம் தூரமாக இருந்து பார்க்கலாமே என்று எனக்கும் ஆசை இருந்தது. செல்லில் ஜெர்மன் பாடம் போட்டு, குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் நிபந்தனை. போனால் அங்கே ஒரு வேலைக்குப் போக வேண்டும். அதை நேரில் பார்க்கும்போது கேட்டுத் தெளிந்துகொண்டு தலையாட்டுவது என்று முடிவு செய்திருந்தேன்.

இதற்கிடையில் என் அம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். பெண் சமையலில் கெட்டிக்காரி என்று அவர்களிடம் சொல்லிவைத்திருந்தாள். எனக்கு முட்டை அவிக்கத் தெரியும். அதிலும் சில நாள் தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகிவிடும். டிபன் பாக்ஸில் அவர் பார்த்த குழம்பெல்லாம் அம்மா வைத்தது.

அவர் லீவில் வந்தார். பெண் பார்ப்பது வீட்டில் வேண்டாம், ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் பேசினார்கள். முடியாமல் போனால் தெருவுக்குத் தெரியாது பாருங்கள். எந்த ஓட்டல் என்பதை அவரே சொன்னார். கறி தோசை சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறதாம். அவருடைய அம்மா போனில் என் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

"ஓட்டல்னாலும் மொறை மொறைதான். முடிவு சொல்றதுக்கு முன்னாடி நாங்க கை நனைக்க மாட்டோம். ஆளுக்கொரு டீயக் குடிச்சுட்டு எந்திரிச்சிருவோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் பார்க்க வந்தவர்கள், சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டுச் சாப்பாட்டில் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டுப் பின்வாங்கினால் ஊர் வாயில் விழ வேண்டியதுதான். டீ, காபி கணக்கில் வராது. வீட்டில் வைத்தால் இதில் குழப்பம் இல்லை. ஓட்டலில் யார் வீட்டுச் சாப்பாடு என்று எப்படிச் சொல்வது? அதற்கும் அப்பா ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்.

"பில்லு நாமதான குடுக்கப் போறோம். அப்ப அது நம்ம வீட்டுச் சோறுதான்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ரிட்டயர்டு கிளார்க். விதிகளை அவர் படிப்பதே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த ஓட்டல் மாடியில், ஏசி ஹாலில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். நானும் அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கம், அவரும் அவருடைய அம்மாவும் எதிர்ப்பக்கம். கீழே கல்லில் பரோட்டா அடிக்கிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. சப்ளையர் வந்து எங்களைப் பார்த்தார். அஞ்சு டீ என்று அப்பா சொன்னதும், கறிக்கடைக்கு வந்து கத்தரிக்காய் கேட்டவர்களைப் பார்ப்பதுபோல் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை மெனு கார்டைத் திறந்தார். முகமே மாறிவிட்டது.

"கறி தோசை ரெண்டரை யூரோ" என்றார். ஏதோ செய்தி வாசிப்பதுபோல் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "சுக்கா மூணரை. நாட்டுக்கோழி மூணு கூட இல்ல. அம்மா, அங்க இந்த விலைக்கு பிரெட்டு மேல வெண்ணெய் கூடத் தடவித் தர மாட்டான்."

"சரிப்பா, டீ வருது" என்றார் அவருடைய அம்மா.

"தண்ணி சும்மா வைக்கிறான் பாருங்க. அங்க தண்ணிக்கு மூணு யூரோ. அதுவும் கேஸ் அடிச்ச தண்ணி." எங்கள் டம்ளர்களை அவர் பார்த்த பார்வையில், நாங்கள் மூவரும் ஒன்பது யூரோவைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"ருசி மட்டும் பாக்குறேன்மா" என்று சொல்லிவிட்டு ஒரு கறி தோசை சொன்னார். ருசி பார்க்க ஒரு சுக்காவும், ருசி பார்க்க நாலு பரோட்டாவும், ருசி பார்க்க ஒரு முட்டைக் கலக்கியும் சொன்னார். எங்களைச் சாப்பிடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் சாப்பிட முடியாது. மாப்பிள்ளையின் அம்மா டீயோடு நிற்கும்போது பெண் வீட்டார் இலை போட முடியுமா? கறி தோசை வந்தது. அதன் வாசம் வந்ததும் அப்பா ஏசியைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன்.

சப்ளையர் வந்து, கேட்காமலே பரோட்டா மேல் சால்னாவை ஊற்றினார். மாப்பிள்ளை பரோட்டாவைப் பிய்த்து, ஐந்து விரலையும் சால்னாவில் விட்டுப் பிசைந்தார். மேஜைக்கு அடியில் அப்பாவின் முழங்கால் என் முழங்காலை இடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அதுவரை "தம்பி, லீவு எம்புட்டு நாளு?" என்று பேசிக்கொண்டிருந்த அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"மாப்ள, இன்னும் ரெண்டு பரோட்டா சொல்லவா?"

அந்த 'மாப்ள'யைக் கேட்டதும் அவருடைய அம்மா கையிலிருந்த டீ சாஸரில் சிந்தியது. மகனின் இலையைப் பார்த்தார், மகனின் கையைப் பார்த்தார், என் அப்பாவின் மலர்ந்த முகத்தைப் பார்த்தார். நிலைமை புரிந்துவிட்டது. சப்ளையரை அவசரமாகக் கூப்பிட்டார்.

"ஒரு ஸ்பூன் கொண்டாப்பா. எங்க தம்பி அங்கயே இருந்து பழகிட்டான். கையால சாப்பிட மாட்டான்."

ஸ்பூன் வந்தது. ஸ்பூனால் சாப்பிட்டால் கை நனையாது என்பது அவர் தரப்பு வாதம். மகன் ஸ்பூனை ஓரமாக நகர்த்தி வைத்தார். அவர் மறுபடி எடுத்து மகன் கையில் திணித்தார். சால்னாவில் ஊறிய பரோட்டாவை ஸ்பூனால் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு பக்கம் இழுபட, சுக்கா ஒன்று துள்ளி அப்பா பக்கம் வந்து விழுந்தது. "பரவால்ல மாப்ள" என்றார் அப்பா. மகன் ஸ்பூனை வைத்துவிட்டுப் பழையபடி கையை விட்டார். அவருடைய அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. இன்னொரு தரம் சால்னா ஊற்றியபோது, "இதுக்கும் காசு இல்லையா? அங்க உருளைக்கிழங்குக்கு சாஸ் கேட்டாலே தனிக் காசுங்க" என்று என்னிடம் சொன்னார். அப்புறம் அயிரை மீன் குழம்பு சொன்னார். அது வந்து, ஒரு வாய் சாப்பிட்டதும்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இது வைப்பீங்கல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அவ கைப்பக்குவமே தனி" என்றாள். அதில் பொய் இல்லை.

சரி, இதுதான் நேரம் என்று நான் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "நான் அங்க வந்தா வேலைக்குப் போகணும்னு நெனைக்கிறேன். அதுக்கு என்ன வழி இருக்கு?"

"அதுக்கென்ன, மெதுவாப் பாத்துக்கலாம்" என்று விரலில் வழிந்த குழம்பை நக்கிக்கொண்டார். "மொதல்ல வந்து செட்டிலாகணும், பாஷை படிக்கணும், ரெண்டு மூணு வருஷம் ஆயிரும். ஆனா நீங்க வீட்டுல இருந்தாலே மாசம் நானூறு யூரோ மிச்சங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் கல்யாணம் ஆனதுலருந்து வெளிய சாப்பிடுறதே இல்ல. மத்தியானத்துக்கும் டப்பால கொண்டு வாரான். அங்க ஒரு வேளை வெளிய சாப்பிட்டா பதினஞ்சு யூரோ. கணக்குப் போட்டுப் பாருங்க, அதுவும் ஒரு சம்பாத்தியந்தான?"

"யாருக்கு மிச்சம்?" என்று கேட்டேன்.

"நமக்குத்தான்" என்றார். மூன்று வாரத்தில் முதல்முறையாக 'நமக்கு' என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பதாயிரம். என் சம்பளத்தைவிட அதிகம். இருநூற்று எண்பதுக்கு உச்சுக்கொட்டியவர் இப்போது எனக்கு நானூறு போட்டிருக்கிறார், அடுப்படியில் நின்றால். டிகிரி, பி.எட்., ஆறு வருஷ சர்வீஸ், குளியலறையில் படித்த ஜெர்மன் எல்லாம் போய், கடைசியில் நான் அவருடைய ஓட்டல் செலவில் ஒரு தள்ளுபடி. கோபம் வந்தது. அதைவிட, பனி விழுகிற அந்த ஜன்னலை நினைத்து ஆசைப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் காதில் இது எதுவும் விழவில்லை. மாப்பிள்ளையின் ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜிகர்தண்டாவும் முடிந்து, சோம்பு வைத்த அட்டையில் பில் வந்தது. அப்பா ஒரு முனையைப் பிடித்தார். அவருடைய அம்மா மறுமுனையைப் பிடித்தார்.

"நாங்க குடுக்குறோம்ங்க. மொறை எங்களுது."

"அதெப்படிங்க, சாப்பிட்டது எங்க தம்பி. நாங்கதான் குடுக்கணும்."

சப்ளையர் சிரித்துக்கொண்டே நின்றார். மதுரையில் பில்லுக்குச் சண்டை போடுவது மரியாதை, அவர் தினமும் பார்ப்பது. ஆனால் இந்தச் சண்டை பில்லுக்கு இல்லை. அப்பா கொடுத்தால் மாப்பிள்ளை கை நனைத்தது செல்லும், நான் ஜெர்மனிக்குக் குழம்பு வைக்கப் போக வேண்டும். அந்த அம்மா கொடுத்தால், மகன் சாப்பிட்டது அவர்கள் வீட்டுச் சோறாகிவிடும், யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போகலாம். இரண்டு பேரும் இழுத்ததில் சோம்பு மேஜையெல்லாம் சிதறியது. நடுவில் மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "பத்தொம்பது யூரோ. அஞ்சு பேருக்கு. அங்க ஒருத்தருக்கே பத்தாது" என்று வியந்தார். ஐந்து பேரில் நான்கு பேர் டீ மட்டும் குடித்திருந்தோம்.

நான் எழுந்து அந்த அட்டையை இரண்டு பேர் கையிலிருந்தும் வாங்கினேன்.

"அண்ணே, பில்லத் தனித்தனியாப் போட்டுக் குடுங்க" என்றேன் சப்ளையரிடம். "எங்களுக்கு மூணு டீ. அது எங்க பில்லு. மிச்சம் அவங்க பில்லு."

"இதென்ன புதுப் பழக்கம்?" என்றார் அவருடைய அம்மா.

"உங்க மகன் போன்ல சொன்னதுதாங்க. அங்கலாம் அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க குடுத்துருவாங்களாம், அதுதான் நாகரிகமாம். நம்மளும் பழகிக்கிருவோம்."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். அவரவர் சாப்பிட்டதுக்கு அவரவர் கொடுத்தால் யார் சோற்றிலும் யாரும் கை நனைக்கவில்லை. "பிள்ளை சொல்றதும் நியாயந்தான்" என்று முதல் ஆளாகச் சம்மதித்தார். அன்று எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அப்பா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

இரண்டு பில்லும் வந்தன. அப்பா சட்டைப்பையிலிருந்து தொண்ணூறு ரூபாயை எடுத்து வைத்தார். மாப்பிள்ளை தன் பில்லை எடுத்தார், வாசித்தார், கிட்டே வைத்து மறுபடி வாசித்தார்.

"ஆயிரத்து எண்ணூத்திப் பத்து ரூவாயா?" என்றார். "ஒரு தோசை எரநூத்தம்பது ரூவாயா? மதுரைலயா? அநியாயமால்ல இருக்கு."

மூன்று வாரத்தில், நம் ஊர்ச் சாப்பாட்டின் விலையை அவர் வாயால் ரூபாயில் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"கார்டுலயே போட்டிருக்கே சார்" என்றார் சப்ளையர்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். பசுமலை வரும்வரை அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருமுனை இட்லிக் கடையில் நிறுத்தச் சொன்னேன். மூன்று பேருக்கும் நல்ல பசி. பெஞ்சில் உட்கார்ந்து, இட்லி வந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"தானா வந்த சம்பந்தத்த பில்லப் போட்டு அனுப்பிட்ட."

"அனுப்பாம?" என்றாள் அம்மா. "இவ வைக்கிற அயிரை மீன் கொழம்ப நம்பி அவன் ஓட்டல நிறுத்தியிருந்தா, பட்டினி கெடந்துல்ல செத்திருப்பான்."

அப்பா சிரிக்கக் கூடாது என்று இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். முடியவில்லை. புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "நானூறு யூரோவாம்ல" என்றார். அப்படியானால் எல்லாம் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. அடுத்த இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இம்புட்டு நேரம் ஒருத்தன் திங்கிறதப் பாத்துக்கிட்டு உக்காந்துருந்தோமே, அதுக்கு அங்க டிக்கெட்டு எம்புட்டுன்னு கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல அப்பாவின் இடது கை சட்டைப்பைக்குப் போனது. நான் பிடித்துக்கொண்டேன். வேலைக்குப் போய் ஆறு வருஷத்தில் என் சம்பளத்தில் அவர் ஒரு டீ குடித்ததில்லை. மகள் காசில் சாப்பிடுவது முறையில்லை என்பது அவருடைய இன்னொரு விதி. இழுத்துப் பார்த்தார், நான் விடவில்லை. பிறகு அவராகவே கையை எடுத்துக்கொண்டார்.

"எம்புட்டு ஆச்சு?" என்று கேட்டார்.

"நூத்தி இருபது."

இரண்டு சைபரைத் தட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "ஒண்ணேகால் யூரோ கூட இல்ல" என்றார். கழுவப் போன கையை மறுபடி தட்டில் வைத்துக்கொண்டு, கடைக்காரம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னும் ரெண்டு வைம்மா. எம் மக குடுக்குறா."